சர்க்கரையை ஒரு படியோடு நிறுத்துவது: உலோக வினையூக்கிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குளுக்கோஸையும் தங்கத்தையும் ஒரே குடுவையில் போட்டு வேலை செய்கிறேன் என்று சொன்னால் சொந்தக்காரர்கள் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். எம்.எஸ்சி. புராஜெக்ட் செய்யும் பிள்ளைகள் வேறு விதமாகக் கேட்கிறார்கள். கட்டுமான ரசாயனம் கலக்கும் சிறு தொழில்காரர்கள் நேராக விலைக்கு வந்துவிடுகிறார்கள். மூன்று தரப்பும் கேட்டவற்றுக்கு இங்கே சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறேன்.

சர்க்கரையை ஆக்சிஜனேற்றம் செய்வது என்றால் எரிப்பதா?

எரிப்பதும் ஆக்சிஜனேற்றம்தான், ஆனால் அது கடைசிப் படி. சாப்பிட்ட சர்க்கரையை உடம்பு கார்பன் டை ஆக்சைடும் தண்ணீரும் ஆகும்வரை கொண்டுபோகிறது. வாணலியில் தீய்ந்த பாகும் அந்தப் பக்கம் கிளம்பியதுதான். நாம் இங்கே பேசுவது முதல் படியை மட்டும். குளுக்கோஸ் மூலக்கூறில் ஆறு கார்பன்கள். ஒரு முனையில் ஆல்டிஹைடு, மறுமுனையில் முதல்நிலை ஆல்கஹால், நடுவில் நான்கு இரண்டாம்நிலை ஆல்கஹால்கள். அந்த ஆல்டிஹைடு முனையை மட்டும் கார்பாக்சிலிக் அமிலமாக மாற்றினால் குளுக்கோனிக் அமிலம் கிடைக்கும். எடைக்கணக்கில் பார்த்தால் 180 என்ற மூலக்கூறு 196 ஆகிறது. ஒரே ஒரு ஆக்சிஜன் அணு கூடுகிறது, அவ்வளவுதான்.

அதற்கு இத்தனை ஆராய்ச்சி எதற்கு? ஒரு ஆக்சிஜனைச் சேர்ப்பது அவ்வளவு கஷ்டமா?

சேர்ப்பது கஷ்டமே இல்லை, நிறுத்துவதுதான் கஷ்டம். மூலக்கூறில் ஆறு இடமும் ஆக்சிஜனுக்கு வாய் திறந்து நிற்கின்றன. நைட்ரிக் அமிலத்தை ஊற்றினால் இரண்டு முனையும் சேர்ந்து அமிலமாகி குளுக்காரிக் அமிலம் வந்துவிடும். வேதியியலாளர் எமில் ஃபிஷர் 1890களில் சர்க்கரைகளின் வடிவத்தைக் கண்டுபிடிக்க இதைத்தான் கருவியாக வைத்துக்கொண்டார். இரு முனையும் ஒன்றுபோல் ஆனபின் மூலக்கூறு சமச்சீராக இருக்கிறதா இல்லையா என்று பார்த்தே பல சர்க்கரைகளை அவர் பிரித்தறிந்தார். புரோமின் நீர் கொஞ்சம் மென்மையானது, முதல் முனையோடு நின்றுவிடும். ஆனால் தொழிற்சாலையில் டன் கணக்கில் புரோமினைக் கையாளவும் கழிவை எங்கே கொட்டுவது என்று தேடவும் யாருக்கும் ஆசை இல்லை. காற்றில் சும்மா கிடக்கும் ஆக்சிஜனையே வைத்து, நாம் சொன்ன இடத்தில் மட்டும் வினை நடக்க வேண்டும். அதற்குத்தான் உலோக வினையூக்கி.

பிளஸ் டூ ஆய்வகத்தில் செய்த வெள்ளி ஆடி, செங்கல் சிவப்பு வீழ்படிவு எல்லாம் இதுதானா?

வினை அதே குடும்பம், உலோகத்தின் வேலை வேறு. டாலன்ஸ் சோதனையில் வெள்ளி அயனி குளுக்கோஸிடமிருந்து எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு வெள்ளியாகி சோதனைக்குழாயின் சுவரில் ஆடியாகப் படிகிறது. பெலிங் சோதனையில் தாமிரம் சிவப்பு ஆக்சைடாக விழுகிறது. இரண்டிலும் உலோகம் செலவாகிவிடுகிறது. வினையூக்கி அப்படிச் செலவாகக் கூடாது. காற்றிலிருந்து வரும் ஆக்சிஜனிடம் எலக்ட்ரானைக் கைமாற்றிவிட்டு, அடுத்த மூலக்கூறுக்கு அது தயாராக நிற்க வேண்டும்.

இந்தச் சோதனைகளில் இன்னொரு விஷயம் ஒளிந்திருக்கிறது. ஃபிரக்டோஸில் ஆல்டிஹைடே கிடையாது, இருந்தும் பெலிங் கரைசலில் அது சிவந்துவிடும். கார ஊடகத்தில் ஃபிரக்டோஸும் குளுக்கோஸும் ஒன்றிலிருந்து ஒன்றாக மாறிக்கொண்டே இருப்பதால் வரும் வினை இது. வாய்மொழித் தேர்வில் இதைக் கேட்டால் பாதிப் பேர் விழிப்பார்கள். ஆனால் எங்கள் வேலையில் தினமும் தலைவலி கொடுப்பது இதே குணம்தான். கீழே காரம் பற்றிய கேள்வியில் மீண்டும் வருகிறேன்.

யூடியூபில் வரும் நீல பாட்டில் வித்தையில் உலோகமே இல்லையே?

உலோகம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று காட்ட அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. குளுக்கோஸ், சோடியம் ஹைட்ராக்சைடு, ஒரு சொட்டு மெத்திலீன் நீலம். குலுக்கினால் காற்றின் ஆக்சிஜன் கரைந்து நீலமாகும். வைத்துவிட்டால் குளுக்கோஸ் சாயத்தை ஒடுக்கி நிறமற்றதாக்கும். மறுபடி குலுக்கினால் மறுபடி நீலம். இதில் குளுக்கோனிக் அமிலம்தான் உருவாகிறது என்று பல ஆண்டுகள் பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள், நானும் சொல்லியிருக்கிறேன். 2012ல் வெளியான ஆய்வில் விளைபொருளைப் பிரித்துப் பார்த்தபோது முக்கியமாகக் கிடைத்தது ஐந்து கார்பன் கொண்ட அராபினோனிக் அமிலமும் ஒரு கார்பன் கொண்ட ஃபார்மிக் அமிலமும். கடும் காரத்தில் சங்கிலியே ஒரு கார்பன் அறுந்துவிட்டது. ஆக்சிஜனேற்றம் நடந்தது உண்மை, ஆனால் நாம் கேட்ட இடத்தில் நடக்கவில்லை.

சங்கிலி அறுவதை வேண்டுமென்றே செய்வதும் உண்டு. 1898ல் ஓட்டோ ரூஃப், கால்சியம் குளுக்கோனேட்டில் (குளுக்கோனிக் அமிலத்தின் உப்பு) இரும்பு உப்பும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்த்து ஒரு கார்பனைக் கழற்றி அராபினோஸ் எடுத்தார். அங்கேயும் உலோகம்தான் வினையூக்கி. ஆக, எந்த உலோகம், எந்த ஊடகம் என்பதைப் பொறுத்து ஒரே சர்க்கரை எங்கெங்கோ போகும்.

எந்தெந்த உலோகங்களைப் பயன்படுத்துகிறார்கள்?

பிளாட்டினம், பல்லேடியம், தங்கம். துணைக்கு பிஸ்மத்.

பிளாட்டினம்தான் மூத்தது. ஹைன்ஸும் பால்சனும் 1962ல் சர்க்கரைகளின் மேல் பிளாட்டின வினையூக்கம் பற்றி விரிவாகத் தொகுத்து எழுதினார்கள். அதன் குறை, அது எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் கடித்துப் பார்க்கும். ஆல்டிஹைடு முடிந்தால் மறுமுனையான ஆறாம் கார்பனுக்குப் போகும். தவிர, பிளாட்டினமும் பல்லேடியமும் ஆக்சிஜனை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். காற்றை அதிகமாக விட்டால் உலோகத்தின் மேற்பரப்பு முழுவதும் ஆக்சிஜனால் மூடிக்கொள்ள, குளுக்கோஸ் உட்கார இடமில்லாமல் வினை படுத்துவிடும். காற்றைக் குறைத்தாலோ வேகம் போய்விடும்.

இதற்கு ஒரு நல்ல மருந்தை 1995ல் பிரான்சின் லியோன் ஆய்வாளர்கள் சொன்னார்கள். கரியின் மேல் படிய வைத்த பல்லேடியத்தோடு கொஞ்சம் பிஸ்மத். அந்த பிஸ்மத் மிகையான ஆக்சிஜனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு பல்லேடியம் மூடிப்போகாமல் பார்த்துக்கொள்கிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். குளுக்கோஸ் கிட்டத்தட்ட முழுவதும் குளுக்கோனேட் ஆனது. வேறு சில குழுக்களின் வேலையில் பிஸ்மத் கரைசலுக்குள் கசிவது தெரியவந்தது. மருந்துக்கோ உணவுக்கோ போகும் பொருளில் அது சிக்கல்.

ஈயத்தைச் சேர்த்தும் பார்த்திருக்கிறார்கள். ஈயம் கலந்த பிளாட்டினம் குளுக்கோனிக் அமிலத்தின் இரண்டாம் கார்பனைக் குறிவைத்து கீட்டோ அமிலமாக்கும். வேதியியலாக அழகான வேலை. ஆனால் ஈயத்தைத் தொட்டு வந்த அமிலத்தை யார் வாயில் வைப்பார்கள்?

தங்கம் எதனோடும் சேராத உலோகம் ஆயிற்றே, அது எப்படி வினையூக்கி?

உங்கள் கழுத்தில் இருக்கும் சங்கிலி வினையூக்கி இல்லை, கவலைப்பட வேண்டாம். அளவு சிறுக்கும்போது தங்கத்தின் குணமே மாறுகிறது. ஜப்பானின் மசதாகே ஹருதா, ஆக்சைடின் மேல் படிந்த நானோ அளவுத் தங்கம் கார்பன் மோனாக்சைடை பூஜ்ஜியத்துக்கு வெகு கீழான வெப்பநிலையிலும் ஆக்சிஜனேற்றம் செய்வதாக 1987ல் காட்டினார். அதுவரை வினையூக்கிப் பட்டியலில் தங்கத்தை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. பிறகு மிலான் பல்கலைக்கழகத்தில் மிக்கேலே ரோஸி, லாரா பிராத்தி குழு இதைத் திரவத்துக்குள் கொண்டுவந்தது. 2002ல் கரியில் படிந்த தங்கத்தால் குளுக்கோஸை குளுக்கோனிக் அமிலமாக்கி, பக்கவிளைபொருள் என்று சொல்ல ஏதும் இல்லை என்று காட்டினார்கள்.

கணக்கைப் பாருங்கள். ஒரு கிராம் தங்கத்தைக் கனசதுரமாக வார்த்தால் பக்கம் 4 மில்லிமீட்டருக்கும் குறைவு, மேற்பரப்பு ஒரு சதுர சென்டிமீட்டருக்கும் குறைவு. அதே ஒரு கிராமை 3 நானோமீட்டர் உருண்டைகளாக உடைத்தால் மேற்பரப்பு சுமார் 100 சதுர மீட்டர். நம் பேச்சில் சொன்னால் 1,100 சதுர அடி, இரண்டு படுக்கையறை ஃபிளாட் ஒன்று. ஒவ்வொரு உருண்டையிலும் ஏறத்தாழ 800 அணுக்கள்தான் இருக்கும். அதில் கணிசமான பங்கு வெளியே, குளுக்கோஸ் தொடும் இடத்தில்.

பரப்பு மட்டுமே காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. 2004ல் அதே மிலான் குழு, தாங்கி எதுவும் இல்லாமல் குளுக்கோஸ் கரைசலிலேயே தங்கத் துகள்களை மிதக்கவிட்டுப் பார்த்தது. 'அம்மணத் தங்கம்' என்றே பெயர் வைத்தார்கள். 3 முதல் 6 நானோமீட்டர் வரை துகள் சிறுக்கச் சிறுக்க வேகம் கூடியது. 10 நானோமீட்டரைத் தாண்டினால் கிட்டத்தட்ட ஒன்றும் நடக்கவில்லை. அதே நிலையில் வெள்ளி, தாமிரம், பல்லேடியம், பிளாட்டினம் துகள்களால் தங்கத்தின் பக்கத்தில் நிற்க முடியவில்லை. ஆனால் அம்மணத் தங்கத்துக்கு ஆயுசு குறைவு. சில நிமிடங்களில் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெருத்து சோர்ந்துவிடும். கரி, அலுமினா, டைட்டானியம் டை ஆக்சைடு போன்ற தாங்கியின் மேல் உட்கார வைப்பது அதற்காகத்தான்.

தங்கம் ஏன் ஆல்டிஹைடை மட்டும் தொடுகிறது?

ஒரு பாதி பதில், அது ஆக்சிஜனை பிளாட்டினம் அளவுக்கு இறுகப் பிடிப்பதில்லை. மறுபாதி, ஆல்கஹாலின் ஹைட்ரஜனைத் தானாகப் பிடுங்கும் தெம்பு தங்கத்துக்கு இல்லை. காரம் கை கொடுத்தால்தான் ஆல்கஹால் பக்கம் நகரும். பிஎச் 9, வெப்பநிலை 40 முதல் 60 டிகிரி என்ற மிதமான நிலையில் இருக்கும் காரம் ஆல்டிஹைடு முனைக்குப் போதும், ஆல்கஹால்களுக்குப் போதாது. அந்த இடைவெளியில்தான் நாங்கள் பிழைப்பு நடத்துகிறோம். காரத்தையும் சூட்டையும் ஏற்றினால் தங்கமும் ஆல்கஹாலைத் தின்னத் தொடங்கும். எனவே "தங்கம் எப்போதும் தேர்ந்தெடுத்தே வேலை செய்யும்" என்று யாராவது எழுதியிருந்தால் பக்கத்திலேயே நிலைமைகளையும் பாருங்கள்.

கூடும் அந்த ஒரு ஆக்சிஜன் அணு காற்றிலிருந்துதானே வருகிறது?

எல்லாரும் அப்படித்தான் நினைப்பார்கள். எத்தனாலையும் கிளிசராலையும் வைத்து, எடை கூடிய ஆக்சிஜன் அணுவை அடையாளமாகக் குறித்துச் செய்த சோதனைகள் 2010ல் வெளியாயின. அமிலத்தில் வந்து சேர்ந்த ஆக்சிஜன் தண்ணீரிலிருந்தும் ஹைட்ராக்சைடிலிருந்தும் வந்திருந்தது. காற்றின் ஆக்சிஜன், உலோகத்தின் மேல் தேங்கும் எலக்ட்ரான்களை அள்ளிக்கொண்டு போகும் வேலையைத்தான் பார்க்கிறது. குளுக்கோஸ் வினையில் தங்கத்தின் மேல் ஹைட்ரஜன் பெராக்சைடு உருவாவதும் இதோடு ஒத்துப்போகிறது. ஆக்சிஜன் எலக்ட்ரானை வாங்கி பெராக்சைடாகி, பிறகு சிதைகிறது.

இன்னொரு நுணுக்கம்: கரைசலில் குளுக்கோஸ் பெரும்பாலும் வளையமாகச் சுருண்டே கிடக்கும். ஆல்டிஹைடு திறந்திருக்கும் மூலக்கூறு ஆயிரத்தில் ஒன்றுகூட இல்லை. திறந்தது வினைப்பட்டுப் போகப் போக மற்றவை திறந்து கொடுக்கும். வளையமாக இருக்கும்போதே லாக்டோன் என்ற வளைய எஸ்டராகி, பிறகு தண்ணீரால் பிரிந்து அமிலமாகும் வழியும் இருக்கிறது.

வினை முழுக்க காரம் விட்டுக்கொண்டே இருக்க வேண்டுமா?

ஆம். அமிலம் உருவாக உருவாக பிஎச் சரியும். பிளாட்டினமும் பல்லேடியமும் அமிலத்தில் சீக்கிரம் மந்தமாகிவிடும். தங்கம் காரமே இல்லாமலும் ஓடும், ஆனால் நடைதான், ஓட்டம் இல்லை. அதனால் தானியங்கிப் பம்பு ஒன்று பிஎச்சைப் பார்த்துப் பார்த்து காஸ்டிக் சோடாவைச் சொட்டுச் சொட்டாக விடும். இதில் ஒரு சௌகரியம்: எவ்வளவு காரம் செலவானதோ அவ்வளவு அமிலம் உருவாகியிருக்கிறது. சொட்டுகளுக்கு இடையிலான நேரத்தை வைத்தே வினையின் வேகத்தைச் சொல்லலாம். முதலில் படபடவென்று விழும் சொட்டு, கடைசியில் நிமிடத்துக்கு ஒன்றாகி நின்றுவிடும். அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பது எனக்கு இன்றைக்கும் பிடிக்கும்.

பிடிக்காத அனுபவமும் உண்டு. ஒரு ராத்திரி பிஎச் எலக்ட்ரோடின் மேல் கரித்தூள் படிந்து, அளவு ஒரே இடத்தில் நின்றுவிட்டது. பம்பு "இன்னும் போதவில்லை" என்று நினைத்துக் காரத்தைக் கொட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. காலையில் போய்ப் பார்த்தால் குடுவையில் வெல்லப்பாகு நிறம், கதவைத் திறந்ததும் கருகல் வாசனை. மேலே சொன்ன குளுக்கோஸ்–ஃபிரக்டோஸ் மாற்றமும், சங்கிலி உடைதலும், உடைந்தவை ஒட்டிப் பழுப்பாவதும் ஒரே இரவில் நடந்து முடிந்திருந்தன. அன்றிலிருந்து எலக்ட்ரோடைக் கழுவாமல் வீட்டுக்குப் போவதில்லை.

ஒரு கிலோ குளுக்கோஸுக்கு என்னென்ன எவ்வளவு தேவை?

தாளில் எளிது. நீரற்ற குளுக்கோஸ் 1,000 கிராம், ஆக்சிஜன் 89 கிராம், சோடியம் ஹைட்ராக்சைடு 222 கிராம். கிடைப்பது சோடியம் குளுக்கோனேட் 1,211 கிராமும் தண்ணீர் 100 கிராமும். கழிவு என்று எதுவும் இல்லை.

நடைமுறையில் உதைப்பது அந்த 89 கிராம் ஆக்சிஜன். அறை வெப்பநிலையில் அது 68 லிட்டர், காற்றாக எடுத்தால் 320 லிட்டருக்கு மேல். சும்மா கிடைப்பதுதான், ஆனால் தண்ணீரில் கரைய வேண்டுமே! 40 டிகிரியில் காற்று பட்ட தண்ணீர் லிட்டருக்கு 6 மில்லிகிராம் சொச்சம்தான் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும். 89 கிராமையும் ஒரே நேரத்தில் கரைத்து வைக்க நினைத்தால் 12,000 லிட்டர் தண்ணீர் லாரி ஒன்று போதாது. ஆகவே குமிழியைச் சிறிதாக்கு, வேகமாகக் கலக்கு, அழுத்தத்தைக் கூட்டு என்று ஆக்சிஜனை விடாமல் ஊட்டிக்கொண்டே இருக்க வேண்டும். மாணவர்கள் "சார், வினையூக்கி சரியில்லை" என்று வந்து நிற்கும்போது பத்தில் பாதி தடவை வினையூக்கி நன்றாகத்தான் இருக்கும், கலக்கிதான் மெதுவாகச் சுற்றியிருக்கும். கலக்கும் வேகத்தை இரட்டிப்பாக்கினால் வினை வேகமும் ஏறுகிறதா என்று முதலில் பாருங்கள். ஏறினால் நீங்கள் அளந்தது வினையூக்கியை அல்ல, ஆக்சிஜன் கரையும் வேகத்தை.

கடையில் வாங்கும் சீனியைப் போட்டால் நடக்குமா?

நேரடியாக நடக்காது. சீனி என்பது சுக்ரோஸ். குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் தங்கள் வினைப்படும் முனைகளாலேயே கைகோத்துக்கொண்டிருக்கின்றன. பெலிங் கரைசலில் சீனி சிவக்காததும் அதனால்தான். முதலில் அமிலமோ என்சைமோ கொண்டு இரண்டாகப் பிரிக்க வேண்டும். பிரித்தபின் தங்கம் குளுக்கோஸை மாற்றும், ஃபிரக்டோஸ் பெரும்பாலும் அப்படியே நிற்கும். பிளாட்டினம் பிரிக்காத சீனியின் முதல்நிலை ஆல்கஹால்களை மெல்ல அமிலமாக்கும், ஆனால் கலவையாகத்தான் வரும்.

இன்னொன்று: நம் ஆலைகளில் கரும்புச் சாற்றைத் தெளிய வைக்க கந்தக டை ஆக்சைடு விடும் வழக்கம் பரவலாக உண்டு. கந்தகம் பிளாட்டினம், பல்லேடியத்துக்கு விஷம். ஆய்வகத்துக்கு மளிகைக்கடைச் சீனி வேண்டாம் என்று சொல்ல அதுவும் ஒரு காரணம்.

பால் சர்க்கரை?

அருமையாக வேலை செய்யும். லாக்டோஸ், மால்டோஸ், செல்லோபயோஸ் எல்லாவற்றிலும் ஒரு முனை திறந்திருக்கிறது. ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரத்து ஆய்வாளர்கள் அராபினோஸ், சைலோஸ், காலக்டோஸ் எனத் தொடங்கி இந்த இரட்டைச் சர்க்கரைகள்வரை வரிசையாகத் தங்கத்தின் மேல் விட்டுப் பார்த்தார்கள். எல்லாம் அந்தந்த அமிலமாக, 99 சதவீதத்துக்கு மேல் சுத்தமாக வந்தன. லாக்டோஸிலிருந்து வரும் லாக்டோபயோனிக் அமிலம் மாற்று அறுவைக்கு எடுத்த கல்லீரலையும் சிறுநீரகத்தையும் குளிரில் பாதுகாக்கும் விஸ்கான்சின் கரைசலில் ஒரு முக்கியப் பொருள். பனீர் பிழிந்தபின் கொட்டும் தண்ணீரில் இருப்பது அதே லாக்டோஸ்தான்.

முதல் முனையை விட்டுவிட்டு வேறு கார்பனைக் குறிவைக்க முடியுமா?

முடியும், ஆனால் வழி சுற்று. பழைய வழி, வேண்டாத இடங்களை மூடிவிடுவது. 1930களில் ரைக்ஷ்டைன் வைட்டமின் சி தயாரித்த முறையில், சோர்போஸின் நான்கு ஆக்சிஜன்களை அசிட்டோனால் கட்டிப்போட்டு ஒன்றை மட்டும் திறந்துவைத்து ஆக்சிஜனேற்றினார்கள். வேலை முடிந்ததும் கட்டை அவிழ்க்க வேண்டும். குளுக்கோஸின் முதல் முனையை மெத்தில் குழுவால் மூடிவிட்டால் பிளாட்டினம் ஆறாம் கார்பனுக்குப் போய் குளுக்குரோனிக் அமில வகையைத் தரும்.

எனக்கு மிகவும் பிடித்தது நெதர்லாந்தின் குரோனிங்கன் குழு 2013ல் வெளியிட்டது. மெத்தில் குளுக்கோசைடில், அதாவது முதல் முனையை மெத்திலால் மூடிய குளுக்கோஸில், நான்கு ஆல்கஹால்கள் திறந்திருக்க, ஒரு பல்லேடியம் சேர்மம் மூன்றாம் கார்பனை மட்டும் கீட்டோனாக்கியது. முதல்நிலை ஆல்கஹாலைக்கூடத் தொடவில்லை. வேறு எந்த மூடியும் போடாமல், பார்க்க ஒன்றுபோல் இருக்கும் மூன்று இரண்டாம்நிலை ஆல்கஹால்களில் ஒன்றைத் தனியே பிடிப்பது லேசான காரியம் இல்லை.

இயற்கையிலும் உதாரணம் இருக்கிறது. காலக்டோஸ் ஆக்சிடேஸ் என்ற என்சைம் ஒரே ஒரு தாமிர அணுவை வைத்துக்கொண்டு ஆறாம் கார்பனை மட்டும் ஆல்டிஹைடாக்குகிறது.

சர்க்கரையிலிருந்து நைலான் என்று படித்தேன். உண்மையா?

முயற்சி உண்மை. குளுக்கோஸின் இரு முனைகளையும் பிளாட்டினம்–தங்கம் கலந்த வினையூக்கியால் அமிலமாக்கிக் குளுக்காரிக் அமிலம், அதிலிருந்து நைலானுக்கு வேண்டிய அடிப்பிக் அமிலம் என்று அமெரிக்காவின் ரென்னோவியா நிறுவனம் ஒரு பாதை அமைத்தது. இன்று அடிப்பிக் அமிலம் பெட்ரோலியத்திலிருந்து நைட்ரிக் அமிலம் கொண்டு தயாராகிறது. அதில் வெளிவரும் நைட்ரஸ் ஆக்சைடு கடுமையான பசுமைக்குடில் வாயு. காரணம் நியாயமானதுதான். ஆனால் ரென்னோவியா 2018ல் மூடப்பட்டது. வினையூக்கி எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தாலும் பெட்ரோலியத்தோடு விலையில் மோதுவது வேறு சண்டை.

அப்படியானால் குளுக்கோனிக் அமிலத் தொழிற்சாலைகள் தங்கத்துக்கு மாறிவிட்டனவா?

பெரும்பாலும் இல்லை. ஆஸ்பெர்ஜில்லஸ் நைகர் என்ற கரும்பூஞ்சைதான் இந்தத் தொழிலின் முதுகெலும்பு. பூஞ்சைக்குச் சோறு போட வேண்டும், கிருமி நுழையாமல் காக்க வேண்டும், கடைசியில் அதன் உடலை வடிகட்டி எறிய வேண்டும். ஆனாலும் அது மலிவு, பழக்கப்பட்டது, தன்னைத்தானே பெருக்கிக்கொள்ளும். தங்கம் பெருகாது!

தங்கத்தின் பக்கம் பேசவும் ஆள் வேண்டும் என்பதால் சொல்கிறேன். பிரவுன்ஷ்வைக் குழு அலுமினா மேல் தங்கத்தை வைத்துத் தொடர்ச்சியாக 70 நாள் ஓட்டியது. வேகமும் குறையவில்லை, தேர்திறனும் (வேண்டிய பொருளை மட்டும் தரும் திறன்) குறையவில்லை. விலைக்கும் ஒரு பதில்: அரை சதவீதம் தங்கம் ஏற்றிய ஒரு கிலோ வினையூக்கியில் இருப்பது 5 கிராம், ஒரு பவுனைவிடக் குறைவு. தேய்ந்துபோனாலும் எரித்து மீட்கலாம். என் கணிப்பில் தங்கத்தின் இடம் லாக்டோபயோனிக் போன்ற விலை உயர்ந்த அமிலங்களில்தான். சோடியம் குளுக்கோனேட்டில் பூஞ்சையை வெல்வது சிரமம்.

இந்தக் குளுக்கோனேட் எல்லாம் எங்கே போகிறது?

பெரும்பகுதி கட்டடத்துக்கும் கழுவுவதற்கும். சித்திரை வெயிலில் ரெடிமிக்ஸ் லாரி போக்குவரத்தில் மாட்டிக்கொண்டாலும் கான்கிரீட் உள்ளேயே இறுகாமல் இருக்க சோடியம் குளுக்கோனேட் சேர்ப்பார்கள். சிமெண்ட் எடையில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே பெரிது, கூடினால் மறுநாளும் இறுகாது. கார நீரில் கால்சியத்தையும் இரும்பையும் பிடித்துக்கொள்வதால் பாட்டில் கழுவும் கரைசல்களிலும் இருக்கும்.

மருந்துக்கடையில் கால்சியம் குளுக்கோனேட் ஊசி. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத்துக்கு ஆபத்து வரும்போது அவசரத்துக்குப் போடுவது. ஹைட்ரோஃபுளூரிக் அமிலம் பட்ட காயத்துக்கு அதே உப்பின் களிம்பு. வாய் கொப்பளிக்கும் குளோர்ஹெக்சிடின் பாட்டிலின் லேபிளைப் பாருங்கள், பின்னால் குளுக்கோனேட் என்று இருக்கும். மெத்தென்ற டோஃபு உறைய உதவுவது குளுக்கோனோ லாக்டோன், உணவுச் சேர்க்கைப் பட்டியலில் ஐ.என்.எஸ். 575.

இவற்றுக்கெல்லாம் முன்னாலிருந்தே நாம் குளுக்கோனிக் அமிலம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். தேனில் இருக்கும் முக்கிய அமிலம் அதுதான். தேனீயின் சுரப்பியிலிருந்து வரும் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் அதை உண்டாக்குகிறது, கூடவே ஹைட்ரஜன் பெராக்சைடும் வரும். தேன் கெடாமல் இருப்பதில் இரண்டுக்கும் பங்குண்டு.

பெயரில் 'குளுக்கோ' இருக்கிறதே, சர்க்கரை நோயாளிகள் பயப்பட வேண்டுமா?

குளுக்கோனேட் குளுக்கோஸ் அல்ல. உடம்பில் அது மறுபடி குளுக்கோஸாக ரத்தத்தில் கொட்டுவதும் இல்லை. எந்த மருந்தாக இருந்தாலும் அளவை மருத்துவர் சொல்லட்டும்.

ஆய்வுக் கட்டுரைகளில் '100 சதவீதம் தேர்திறன்' என்று போடுகிறார்களே, நம்பலாமா?

பக்கத்தில் மாற்ற அளவு எவ்வளவு என்று பாருங்கள். குளுக்கோஸில் 5 சதவீதம் மட்டும் மாறியிருக்கும்போது எந்த வினையூக்கியும் உத்தமனாகத்தான் தெரியும். குளுக்கோஸ் தீர்ந்து அமிலம் மட்டும் மிஞ்சும் கடைசி நேரத்தில் அது சும்மா இருக்கிறதா, அமிலத்தையே கடிக்கத் தொடங்குகிறதா என்பதுதான் பரீட்சை. பிறகு கலவையைப் பிரித்துக் காட்டும் எச்.பி.எல்.சி. கருவியில் குளுக்கோனிக் அமிலமும் வேறு சில சர்க்கரை அமிலங்களும் ஒரே முகடாக வந்து ஏமாற்றும். உள்ளே போன கார்பனும் வெளியே வந்த கார்பனும் கணக்கில் நேராகிறதா என்றும் பாருங்கள். காரச் செலவை மட்டும் வைத்துச் சொன்னால் போதாது, ஃபார்மிக் அமிலமும் காரத்தைக் குடிக்கும்.

கல்லூரி ஆய்வகத்தில் எதிலிருந்து தொடங்கலாம்?

நீல பாட்டிலில் தொடங்குங்கள், கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். அடுத்து, விலைக்குக் கிடைக்கும் கரி தாங்கிய பல்லேடியத்தை வைத்து, 40 டிகிரி நீர்த்தொட்டி, மீன்தொட்டிக் காற்றுப் பம்பு, கையால் திறக்கும் ப்யூரெட், பிஎச் மீட்டர் இவற்றோடு ஒரு மணி நேர வினையைப் பார்க்கலாம். பல்லேடியம் ஏறிய கரியை வடிகட்டியபின் காயவிடாதீர்கள். ஆல்கஹால் ஆவி பட்டால் தாளோடு தீப்பிடிக்கும். ஈரமாகவே புட்டியில் போட்டு மூடுங்கள். டாலன்ஸ் கரைசலை அன்றன்றைக்குத் தயாரித்து, வேலை முடிந்ததும் நீர்த்த அமிலம் சேர்த்து உடனே அகற்றிவிடுங்கள். வைத்திருந்தால் அதில் வெடிக்கக்கூடிய வெள்ளிச் சேர்மம் உண்டாகும். "நாளைக்கும் ஆகும்" என்று அலமாரியில் எடுத்துவைக்கிற ஆள் ஒவ்வொரு வகுப்பிலும் ஒருவர் இருப்பார், அவரைக் கண்டுபிடித்து முதலிலேயே சொல்லிவிடுங்கள்.